மடியில் கனம், வழியில் பயம்

இந்த வாரக் கேள்விகள் அத்தனையும் காவிரிப் பாசனத்து ஊர்களிலிருந்து. அத்தனையும் கிரிப்டோ பற்றி. பேர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை. யார் பேரையும் போடவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவையாறு
கே: பேரன் போனில் 'வாலட்' வைத்திருக்கிறான். உள்ளே காசு இருக்கிறது என்கிறான். நான் பார்த்தவரை வெறும் எண்தான் தெரிகிறது. காசு எங்கே?

ப: வாலட்டுக்குள் காசே கிடையாது ஐயா. காசு ஒரு கணக்குப் புத்தகத்தில் வரவாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தின் நகல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. பேரன் கையில் இருப்பது, தன் பேரில் உள்ள வரவை இன்னொருவருக்கு மாற்றி எழுதும் உரிமை. அதற்குத்தான் சாவி என்று பேர். வாலட் அந்தச் சாவியை வைத்திருக்கும் இடம்.

மாலையில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் சுவரைப் பாருங்கள். ராஜராஜன் கொடுத்த பொன் 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் எவ்வளவு நின்றது, எந்த ஊர்ச் சபை கோயில் காசை வட்டிக்கு வாங்கியது என்றெல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் படிக்கலாம். ராத்திரியோடு ராத்திரியாக ஒருவர் வந்து சுரண்டிவிட்டுத் தன் பேரை எழுதிக்கொள்ள முடியாது. பிளாக்செயின் என்று சொல்லும் அந்தக் கணக்குப் புத்தகத்தின் சூட்சுமமும் அதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. கோயில் சுவரில் கொடுத்தவர் பேர் இருக்கும். இங்கே பேருக்குப் பதில் நீளமான ஓர் எழுத்துக் கோவை. சாவி யாரிடமோ அவரே முதலாளி. வந்தது பேரனா, திருடனா என்று புத்தகம் விசாரிக்காது.

கல்லூரி மாணவர், கும்பகோணம்
கே: டிகிரி காபிக்கு பிட்காயினில் பணம் கொடுக்க முடியுமா?

ப: வாங்கிக்கொள்ளக் கடைக்காரர் சம்மதித்தால் முடியும், காபிதான் ஆறிவிடும். பிட்காயின் கணக்கில் புதிய பக்கம் ஒன்று சேர சராசரியாக 10 நிமிடம் ஆகும். 'லைட்னிங்' என்று ஒரு வேகவழி இருக்கிறது, அதில் போனால் காபி தப்பிக்கும். நீங்கள் தப்ப முடியாது. நம் வருமான வரிச் சட்டப்படி கிரிப்டோவைக் கொடுத்துப் பொருள் வாங்குவதும் விற்பனைதான். 1,000 ரூபாய்க்கு வாங்கிய காயின் 1,500 ரூபாய் ஆனபிறகு அதைக் கொடுத்து நண்பர்களுக்கு டிபன் வாங்கித் தந்தால், 500 ரூபாய் லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அந்த வரிமேல் 4 சதவீதம் செஸ். ஆக 156 ரூபாய். டிபனுக்கு டிப்ஸ் அரசாங்கத்துக்கு.

எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வப் பணமாகவே அறிவித்துப் பார்த்தது. கடைக்காரர்கள் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2025 ஜனவரியில் அதுவே நீக்கிவிட்டது. நமக்கு 2016 முதல் யுபிஐ இருக்கிறது. அதையே நீட்டினால்கூட, "சில்லறையா இல்லியா தம்பி?" என்று கேட்கிற கடைகள் கும்பகோணத்தில் இன்னும் உண்டு.

விவசாயி, ஒரத்தநாடு
கே: ஒரு பிட்காயின் வாங்க வேண்டுமானால் என் நிலத்தை விற்க வேண்டியிருக்கும் போலிருக்கிறதே?

ப: ஒரு பிட்காயின் என்பது 10 கோடி 'சட்டோஷி'. நூறு ரூபாய்க்கும் வாங்கலாம். வேலியை மாவாகவும் மாவைக் குழியாகவும் பிரித்துப் பழகிய உங்களுக்கு இந்தக் கணக்கு பெரிதில்லை. நிலம் நிலமாகவே இருக்கட்டும்.

அஞ்சல் ஊழியர், மயிலாடுதுறை
கே: பிட்காயினைக் கண்டுபிடித்த சட்டோஷி நாகமோட்டோ உண்மையில் யார்?

ப: 2008இல் திட்டத்தை வெளியிட்டார். 2009இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பிறகு பேர், முகம் எதையும் காட்டாமல் ஒதுங்கிவிட்டார். அவர் பேரில் இருப்பதாகக் கருதப்படும் பெருந்தொகை இன்றுவரை அசையவில்லை. நம்மூர் அரசியல்வாதி இல்லை என்பது மட்டும் உறுதி.

மருந்துக்கடைக்காரர், பட்டுக்கோட்டை
கே: வாலட் திறந்ததும் 12 ஆங்கில வார்த்தைகளைக் காட்டி எழுதி வைக்கச் சொன்னது. போட்டோ எடுத்து எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டேன். சரிதானே?

ப: இன்றைக்கே புதிய வாலட் ஒன்றைத் திறந்து இருப்பதையெல்லாம் அதற்கு மாற்றுங்கள். பழையதன் சாவியை நீங்கள் தெருவில் வைத்துவிட்டீர்கள்.

அந்த 12 வார்த்தைகள் 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்தவை. உங்கள் போன் குளத்தில் விழுந்தாலும், வேறொரு போனில் இந்த வார்த்தைகளை அதே வரிசையில் கொடுத்தால் பணம் திரும்ப வரும். உங்களுக்கு வருவதுபோலவே, அதைப் பார்த்த எவருக்கும் வரும். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். இதை மாற்ற முடியாது. போட்டோ எடுத்தால் அது கூகுள் கணக்கில் ஏறும், பழைய போனில் தங்கும், கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் போட்டால் அங்கேயும் ஒரு நகல் கிடக்கும்.

காகிதத்தில் கையால் எழுதுங்கள். இரண்டு பிரதி, இரண்டு வீடு. ஆனால் நம் பக்கத்துக் காகிதத்துக்கு ஆயுள் குறைவு. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் உங்கள் ஊரில் எத்தனை பீரோக்களை நனைத்தது என்று எனக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும். அதனால் பெரிய தொகை வைத்திருப்பவர்கள் எஃகுத் தகட்டில் பொறித்து வைக்கிறார்கள். நல்ல யோசனைதான். அதற்காகப் பாத்திரத்தில் பேர் வெட்டும் கடைக்குப் போய் 12 வார்த்தையையும் சொல்லி வெட்டச் சொல்லாதீர்கள். தகடு உங்களிடம் வரும், பணம் அவரிடம் போகும்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்
கே: அந்த வார்த்தைகளை எங்கே வைத்திருக்கிறார் என்று என் கணவர் என்னிடமும் சொல்ல மறுக்கிறார். "ரகசியம்" என்கிறார்.

ப: இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள் அம்மா. கனடாவில் குவாட்ரிகா என்று கிரிப்டோ வாங்கி விற்கும் ஓர் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. அதன் நிறுவனர் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார். சாவிகள் அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று நிறுவனம் கையை விரித்தது. பல்லாயிரம் பேர் பணம் போட்டுவிட்டு நின்றார்கள். பிறகு ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் துருவிப் பார்த்ததில், சாவி தொலைவதற்கு முன்பே பெரும்பகுதிப் பணத்தை அவர் தொலைத்திருந்தது தெரிந்தது. அது வேறு கதை. உங்கள் கணவர் யோக்கியர் என்றே வைத்துக்கொள்வோம், விளைவு ஒன்றுதான்.

வார்த்தைகளை இப்போதே சொல்ல வேண்டியதில்லை. எந்த வாலட், எழுதி வைத்த இடம் எது, யாரிடம் கேட்பது என்று ஒரு காகிதம் பத்திரங்களோடு இருந்தால் போதும். வங்கியில் வாரிசு வந்து நின்றால் படிவம் தருவார்கள். பிட்காயினில் வாரிசு வந்து நின்றால் நிற்கலாம்.

ஜவுளிக்கடை உரிமையாளர், மன்னார்குடி
கே: இந்த வம்பே வேண்டாம் என்று எக்ஸ்சேஞ்ச் ஆப்பிலேயே காயினை விட்டு வைத்திருக்கிறேன். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா?

ப: பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர், நம் பணத்தில் கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய், பறிபோனது. அது ஒரே ஆள் திறக்கும் வாலட்டும் அல்ல. பலர் கையெழுத்திட்டால்தான் நகரும். திரையில் தெரிந்தது ஒன்று, கையெழுத்து விழுந்தது வேறொன்றுக்கு என்று நிறுவனம் விளக்கியது. வடகொரிய ஹேக்கர்களின் வேலை என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. வாடிக்கையாளர்களின் கணக்கு முடங்கியது. சிங்கப்பூர் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஒரு திட்டப்படி 2025 அக்டோபரில்தான் கடை மறுபடி திறந்தது. பதினைந்து மாதம். 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் நிறுவனத்தில் சுமார் 4.4 கோடி டாலர் போனது. அது நிறுவனத்தின் சொந்தக் கணக்கு, வாடிக்கையாளர் பணத்தில் கை வைக்கவில்லை என்றார்கள்.

ஆகவே, சாவி உங்களிடம் இருந்தால் உங்கள் மறதிக்குப் பயப்படவேண்டும். எக்ஸ்சேஞ்சிடம் இருந்தால் பியோங்யாங்குக்குப் பயப்படவேண்டும். வாங்கி விற்கிற அளவுக்கு எக்ஸ்சேஞ்சில் வையுங்கள். நெடுநாள் வைத்திருக்க நினைப்பதை உங்கள் சாவிக்கு மாற்றுங்கள். மறதிக்காவது தகடு இருக்கிறது.

வழக்கறிஞர் அலுவலக குமாஸ்தா, நாகப்பட்டினம்
கே: காயின் எக்ஸ்சேஞ்சில் மாட்டிக்கொண்டால் நம் கோர்ட்டில் கேட்க முடியுமா? அது பணமே இல்லை என்கிறார்களே!

ப: பணம் இல்லைதான். ஆனால் சொத்து. இதைச் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம். சென்னையிலிருந்து ஒரு பெண்மணி 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின்களை வாசிர்எக்ஸில் வாங்கியிருந்தார். களவுபோனவை வேறு வகை டோக்கன்கள். ஆனாலும் இவர் கணக்கும் சேர்ந்து முடங்கியது. நஷ்டத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றது நிறுவனம். அவர் நீதிமன்றம் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளும் அல்ல, நாணயமும் அல்ல, ஆனாலும் உரிமை கொண்டாடவும் வைத்திருக்கவும் இன்னொருவரை நம்பி ஒப்படைக்கவும் கூடிய சொத்து என்று தீர்ப்பளித்தார். வழக்கைச் சிங்கப்பூரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. பணம் கட்டியது சென்னை வங்கிக் கணக்கிலிருந்து. ஆகவே இடைக்காலப் பாதுகாப்பை இங்கே கேட்கலாம் என்றது நீதிமன்றம்.

உங்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. சொத்து என்றால் ஆவணம் வேண்டும். வாங்கிய தேதி, அளவு, வங்கி வரவு செலவு எல்லாவற்றையும் ஆப்பிலிருந்து மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள். ஆப் முடங்கும் நாளில் அதுவும் சேர்ந்து முடங்கும்.

மிராசுதார், வலங்கைமான்
கே: நெல் விற்ற பணத்துக்கு வருமான வரி கிடையாது. அந்தப் பணத்தில் கிரிப்டோ வாங்கி லாபம் பார்த்தால் அதற்கும் கிடையாதுதானே?

ப: வயலில் விளைந்தவரை விலக்கு. போனில் விளைந்தால் 30 சதவீதம். 2022 ஏப்ரலிலிருந்து இதுதான் நிலவரம். 2022 ஜூலையிலிருந்து விற்கும்போது 1 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது.

இன்னும் கசப்பான பகுதி இருக்கிறது. ஒரு காயினில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 1 லட்சம் நஷ்டம் என்று வையுங்கள். கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆனால் லாபத்துக்கான வரி, செஸ் சேர்த்து 31,200 ரூபாய் கட்டவேண்டும். நஷ்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள், அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணமாவது கேட்கலாம்.

நெல் கமிஷன் ஏஜெண்ட், நீடாமங்கலம்
கே: வருங்காலத்தில் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் கிரிப்டோவில் பணம் தருவார்களா?

ப: 17 சதவீத ஈரப்பதத்துக்கே அங்கே என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். பிட்காயினின் ஈரப்பதத்தை யார் அளப்பது? 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 டாலரைத் தொட்டது. அடுத்த நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே கிடந்தது. 2025 அக்டோபரில் 1,26,000 டாலரைத் தாண்டியது. சன்னரக நெல்லுக்கு 2025-26 பருவத்தில் தமிழக அரசின் விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். 40 கிலோ சிப்பத்துக்கு 1,018 ரூபாய். மூட்டையை இறக்கும்போது பேசிய விலை, எடை போட்டு முடிக்கும்போதும் அதே விலையாக இருக்கவேண்டும் என்பதுதான் விவசாயியின் ஆசை. அதை ரூபாய் செய்கிறது.

வங்கி வாடிக்கையாளர், திருவாரூர்
கே: ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாயும் கிரிப்டோவும் ஒன்றுதானா?

ப: இரண்டுக்கும் வாலட் உண்டு, உறவு அத்தோடு சரி. 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான சோதனை ஓட்டம் தொடங்கிய டிஜிட்டல் ரூபாய், ரிசர்வ் வங்கி வெளியிடும் ரூபாய். ஏறாது, இறங்காது. பணக்காரராகும் ஆசையோடு யாரும் அதை வாங்குவதில்லை. அதுவே அதன் பெருமை.

மகனைப் பிரிந்த தந்தை, கூத்தாநல்லூர்
கே: துபாயில் இருக்கும் மகன், இனிமேல் யுஎஸ்டிடியில் பணம் அனுப்புகிறேன், கமிஷன் மிச்சம் என்கிறான். அது டாலர்தானே?

ப: அது டாலர் இல்லை; டாலர் தருவோம் என்று டெதர் என்ற நிறுவனம் சொல்லும் வாக்கு. இதுவரை பெரும்பாலும் நின்றிருக்கிறது. ஒரு டாலராகவே நிற்போம் என்று சொன்ன வேறொரு காயின், டெர்ரா யுஎஸ்டி, 2022 மே மாதம் சில நாட்களில் சரிந்து ஒன்றுமில்லாமல் போனது.

அதைவிட அவசரமான சங்கதி வேறு. மகன் அனுப்பியதை ரூபாயாக்க நீங்கள் யாரிடமாவது விற்கவேண்டும். வாங்குகிறவர் உங்கள் கணக்கில் போடும் ரூபாய் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது, போலீசுக்குத் தெரியும். வங்கி வழியாகவோ உரிமம் பெற்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாகவோ வந்தால், நாளைக்கு வீட்டுமனை வாங்கும்போது 'இது மகன் அனுப்பியது' என்று காட்டக் காகிதம் இருக்கும். கமிஷன் என்று அழுவது அந்தக் காகிதத்தின் விலை. சிங்கப்பூரில் பிள்ளை இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: அங்கத்திய பேநவ்வும் நம் யுபிஐயும் 2023 பிப்ரவரி 21 முதல் இணைந்திருக்கின்றன. போன் எண்ணுக்கே பணம் வந்துவிடும்.

இளைஞர், தஞ்சாவூர்
கே: யுஎஸ்டிடி விற்றேன். வாங்கியவர் உடனே பணம் போட்டார். பத்தாம் நாள் என் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். வேறு மாநில போலீஸ் சொன்னதாம். நான் என்ன தப்பு செய்தேன்?

ப: மேலே கூத்தாநல்லூர்க்காரருக்குச் சொன்னது உங்களுக்கு நடந்துவிட்டது தம்பி. எங்கோ ஒருவர் ஏமாந்து சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்கிறார். அவர் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனதோ அத்தனையையும் போலீஸ் வரிசையாக நிறுத்தி வைக்கச் சொல்கிறது. திருடன் அந்தப் பணத்தைக் கொடுத்து உங்களிடம் காயின் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வரிசையின் கடைசியில் முகவரியோடும் ஆதாரோடும் நிற்பது நீங்கள்.

இப்போது செய்யவேண்டியது: வங்கியில் புகார் எண்ணையும் காவல் நிலையத்தின் பேரையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்றதற்கான பதிவு, பேசிய உரையாடல், காயின் போன முகவரி எல்லாவற்றையும் சேர்த்து அந்த நிலையத்துக்கு விளக்கம் அனுப்புங்கள். பிரச்சினைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி மீதியை விடும்படி கேளுங்கள். மறுத்தால் வழக்கறிஞர் வழியாக நீதிமன்றம். இனிமேல் முகம் தெரியாதவரிடம் நேரடியாக விற்காதீர்கள். 2023 மார்ச் முதல் கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில் விற்றால் பணம் நிறுவனத்திடமிருந்து வரும். ஒரு ரூபாய் கூடுதல் விலை தருகிறேன் என்று ஒருவர் வந்தால், அந்த ஒரு ரூபாய் எதற்கு என்று யோசியுங்கள்.

கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், திருத்துறைப்பூண்டி
கே: அனுப்பும் முகவரி இத்தனை நீளமாக இருக்கிறதே. முதல் நாலு, கடைசி நாலு எழுத்தைச் சரிபார்த்தால் போதாதா?

ப: நீங்கள் அவ்வளவுதான் பார்ப்பீர்கள் என்று திருடனுக்கும் தெரியும். நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே முதலும் கடைசியும் ஒத்துப்போகிற முகவரி ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து சல்லிக்காசு அனுப்பி, உங்கள் பழைய பட்டியலில் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பான். அடுத்த முறை பட்டியலிலிருந்து காப்பி எடுத்தால் தீர்ந்தது. 2024 மே மாதம் ஒருவர் இப்படித்தான் சுமார் 6.8 கோடி டாலரைத் தவறான முகவரிக்கு அனுப்பினார். உலகமே அந்தத் திருட்டைத் திறந்த புத்தகத்தில் பார்த்துக்கொண்டிருந்ததால் திருடன் பயந்து பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான். 6.8 கோடி டாலர் தொலைத்தால் இப்படிக் கூட்டம் கூடும். நீங்கள் 6,800 ரூபாய் தொலைத்தால் கூடாது.

முகவரியைப் பெறுபவரிடமே கேளுங்கள், நடுவிலும் பாருங்கள், முதலில் சிறு தொகை அனுப்பி வந்ததா என்று உறுதி செய்யுங்கள். எந்த நெட்வொர்க் என்பதையும் கேளுங்கள். ஒரே யுஎஸ்டிடி, டிரான் வழியில் வேறு, எத்தீரியம் வழியில் வேறு. தடம் மாறி அனுப்பினால் சில சமயம் மீட்கலாம், பல சமயம் நினைத்துப் பார்க்கலாம்.

கல்லூரி மாணவி, திருவாரூர்
கே: கேட்காமலே என் வாலட்டுக்கு ஒரு புதிய காயின் வந்திருக்கிறது. 5,000 டாலர் மதிப்பு என்று காட்டுகிறது. ஒரு தளத்தில் போய் 'அனுமதி' அழுத்தினால் எடுத்துக்கொள்ளலாமாம்.

ப: அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த அனுமதி, உங்கள் வாலட்டில் உள்ள நிஜமான காயினை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் நகர்த்த நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதிகாரம். அங்கே 12 வார்த்தை கேட்கமாட்டார்கள், பாஸ்வேர்டு கேட்கமாட்டார்கள். அதனால்தான் சந்தேகம் வருவதில்லை. வந்தது கிடக்கட்டும், தொடாதீர்கள். முன்பே எங்காவது அழுத்தியிருந்தால் கொடுத்த அனுமதிகளை ரத்து செய்யும் வசதி உண்டு, இன்றே செய்யுங்கள்.

மின்வாரிய ஊழியர், சீர்காழி
கே: சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் ஹார்டுவேர் வாலட் வாங்க நினைக்கிறேன். ஆன்லைனில் ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். 12 வார்த்தைகளும் அட்டையில் அச்சடித்து, சுரண்டினால் தெரிகிற மாதிரி, தயாராகவே வருகிறதாம்.

ப: தயாராக இருப்பவர் அவர்தான். நல்ல கருவி, நீங்கள் முதல் தடவை இயக்கும்போதுதான் வார்த்தைகளை உருவாக்கும். அச்சடித்து வந்தால் அச்சடித்தவருக்கும் தெரியும். தயாரித்த நிறுவனத்திடமே நேராக வாங்குங்கள். மீதிப் பாதி விலையைக் காப்பீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

டிராவல்ஸ் உரிமையாளர், பாபநாசம்
கே: எங்கள் ஊரில் ஒருவர் கிரிப்டோவில் போட்டால் மாதம் 10 சதவீதம் தருகிறார். மூன்று மாதமாகச் சரியாக வந்துகொண்டிருக்கிறது. நானும் சேரலாமா?

ப: பெரிய கோயில் காசை ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்தபோது, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று கல்வெட்டு சொல்கிறது. அதாவது ஆண்டுக்குப் பன்னிரண்டரை சதவீதம். சோழ சாம்ராஜ்யத்தின் உச்சத்தில், பேரரசர் கட்டிய கோயிலுக்கு அவ்வளவுதான். உங்கள் ஊர்க்காரர் அதை ஐந்து வாரத்தில் தருகிறார். யார் தலையில்?

'கெயின்பிட்காயின்' என்று 2015 வாக்கில் தொடங்கிய ஒரு திட்டம் இதே மாதம் 10 சதவீதத்தை 18 மாதத்துக்குத் தருவதாகச் சொன்னது. ஆரம்பத்தில் கொடுத்தார்கள், பிறகு தாங்களே அச்சடித்த ஒரு காயினைத் தந்தார்கள், பிறகு சிபிஐ வந்தது. உங்கள் பக்கத்து ஊரையே எடுங்கள்: கும்பகோணத்தில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றிய புகாரில் 'ஹெலிகாப்டர் சகோதரர்கள்' 2021 ஆகஸ்டில் கைதானார்கள். அவர்களுக்குக் கிரிப்டோ தேவைப்படவில்லை. ஹெலிகாப்டரே போதுமாக இருந்தது. பழைய சரக்குக்கு இப்போது பிளாக்செயின் என்று லேபிள் ஒட்டுகிறார்கள். முதல் மூன்று மாதம் வருவது லாபமல்ல, பின்னால் சேர்ந்தவரின் முதல். நீங்கள் சேர்ந்தால் முன்னால் சேர்ந்தவருக்கு நாலாம் மாதமும் வரும்.

பேர், ஊர் வேண்டாம் என்றவர்
கே: டெலிகிராமில் பழக்கமான ஒரு பெண் காட்டிய ஆப்பில் 3 லட்சம் போட்டேன். இப்போது 11 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால் முதலில் 1 லட்சம் வரி கட்டச் சொல்கிறார்கள்.

ப: அந்த 11 லட்சம் திரையில் தட்டிய எண். வருமான வரியை வருமான வரித் துறைக்குத்தான் கட்டுவார்கள், டெலிகிராமுக்கு அல்ல. 1 லட்சத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று நினைத்து, இந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். பணம் இன்னும் வங்கிக் கணக்குகளில் நகர்ந்துகொண்டிருந்தால் தடுக்க வாய்ப்புண்டு. கிரிப்டோவாக மாறிவிட்டால் துரத்துவது கடினம். இன்னும் சில நாளில் ஒருவர் வந்து, போன பணத்தை மீட்டுத் தருகிறேன், 20,000 கொடுங்கள் என்பார். அவரும் அதே கூட்டம்தான். வெட்கப்படாதீர்கள், படித்தவர்கள் நிறையப் பேர் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

செல்போன் கடைக்காரர், பேராவூரணி
கே: வாலட்டில் ஒரு சிக்கல். கூகுளில் தேடி கஸ்டமர் கேர் நம்பர் எடுத்தேன். அன்பாகப் பேசினார்கள். 12 வார்த்தை கேட்கிறார்கள்.

ப: சாவியை உங்களிடமே கொடுத்துவிட்ட வாலட்டுக்கு இப்படி ஒரு போன் நம்பரே கிடையாது. அன்பாகப் பேசுவதிலிருந்தே தெரியவேண்டாமா?

ஜோதிடர், திருநள்ளாறு
கே: கிரிப்டோ வாங்க விற்க ராகுகாலம் பார்க்கவேண்டுமா?

ப: சந்தை 24 மணி நேரமும், சனி ஞாயிறு உட்பட திறந்திருக்கிறது. அதற்கு ராகுவும் தெரியாது, குளிகனும் தெரியாது. ஆனாலும் ஒரு யோசனை: "உடனே அனுப்பு, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்" என்று யார் சொன்னாலும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போடுங்கள். நான் அறிந்த மோசடிகளில் பெரும்பாலானவை அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது.

வாசகர், வேதாரண்யம்
கே: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்களிடம் எவ்வளவு கிரிப்டோ இருக்கிறது?

ப: 2025 ஜனவரியில் பிரான்சில், ஹார்டுவேர் வாலட் செய்யும் லெட்ஜர் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரைக் கடத்திப்போய், கை விரல் ஒன்றை வெட்டி, கிரிப்டோவில் பணயத்தொகை கேட்டார்கள். உலகத்தின் பலமான பூட்டைச் செய்தவருக்கே அந்தக் கதி. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரிந்துவிட்டால் பூட்டை யாரும் உடைப்பதில்லை, ஆளைத்தான் தேடுகிறார்கள். ஆகவே கல்யாண வீட்டிலோ டீக்கடையிலோ பத்திரிகையிலோ இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். நான் சொல்லவில்லை பாருங்கள்.